மரமேறியின் கயிறும் கவையும்

உயரமான மரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கிளை கழிப்பவரின் முழு எடையும் அவர் தலைக்கு மேலே ஓரிடத்தில் போய் இறங்குகிறது. பெரும்பாலும் அது இரண்டு கிளைகள் பிரியும் கவை. சில வேளைகளில் தண்டைச் சுற்றி இறுக்கிய ஒரு சுருக்கு. அந்தப் பிடிமானம் விட்டுவிட்டால் கயிறு எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை. கயிறும் கொக்கியும் எவ்வளவு எடை தாங்கும் என்பதைத் தயாரித்தவர்களே சோதித்து எழுதித் தருகிறார்கள். கிளைக்கு அப்படி எழுதித் தர ஆளில்லை. ஏறுபவர் தன் கண்ணாலும் கையாலும் மரத்தைப் பற்றிய அறிவாலும்தான் அதை மதிப்பிட்டாக வேண்டும். நகரத்து மரங்களையும் தோட்டத்து மரங்களையும் பராமரிப்பது தனித் தொழிலாக வளர்ந்த கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் கயிறு மாறியது, முடிச்சு மாறியது, சட்டம் வந்தது. எல்லாவற்றையும்விட மெதுவாகவும் ஆழமாகவும் மாறியது பிடிமானத்தைப் பற்றிய அறிவு. இந்த மாற்றத்தின் பெரும்பகுதி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அந்நாடுகளின் தோட்டங்களில் மரம் ஏறியவர்களுக்கு ஏணிதான் துணை. ஏணி எட்டாத உயரத்துக்குக் கிளையைப் பற்றிக்கொண்டு போனார்கள். காலில் இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டு தண்டில் குத்திக் குத்தி ஏறும் முறையும் இருந்தது. தந்திக் கம்பங்களில் ஏறியவர்களும் காட்டில் மரம் வெட்டியவர்களும் அப்படி ஏறினார்கள். வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்துக்கு அதனால் நட்டமில்லை. வாழவேண்டிய மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு புண். அதன் வழியே பூஞ்சை உள்ளே நுழையும். மரத்தை வெட்டுவது வேறு, காப்பாற்றுவது வேறு என்ற எண்ணம் வலுத்த பிறகுதான் முள் இல்லாமல் ஏறும் வழியைத் தேடினார்கள். கயிறு மரத்துக்கு வந்தது அந்தத் தேவையால்தான்.

அந்த எண்ணத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஜான் டேவி. 1846இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிறந்து தோட்டவேலை கற்றவர். 1873இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். கென்ட் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அடிபட்ட மரங்களையும் உளுத்த மரங்களையும் வெட்டித் தள்ளாமல் அவற்றுக்கு வைத்தியம் பார்த்தார். 1901இல் ‘மர மருத்துவர்’ என்று பொருள்படும் தலைப்பில் படங்களோடு ஒரு நூலை வெளியிட்டார். 1909இல் அவர் குடும்பத்தின் நிறுவனம் பதிவாயிற்று. அதே ஆண்டில் அதே ஊரில் மர மருத்துவம் கற்பிக்கும் பள்ளியும் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே பிரான்சிஸ் பார்ட்லெட் இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். இரண்டும் இன்றுவரை இயங்குகின்றன. துணிச்சல்காரக் கூலியாளின் வேலையாக இருந்த மரமேற்றம், படித்துப் பழகிச் செய்யும் தொழிலாக மாறத் தொடங்கியது இந்த ஆண்டுகளில்தான்.

அக்காலத்து மரமேறியின் கருவி அரை அங்குல மணிலாக் கயிறு. பிலிப்பைன்ஸில் விளையும் அபாகா என்னும் வாழையினத்தின் நாரை மூன்று புரியாக முறுக்கியது. இடுப்புவார் எல்லோரிடமும் இல்லை. கயிற்றையே இரட்டை வளையமாக முடிந்து அதில் உட்கார்ந்தவர்களும் உண்டு. முடிச்சுகள் பலவும் கப்பல் தொழிலிலிருந்து வந்தவை. கயிற்றை ஒரு கவைக்கு மேலாகப் போட்டு, ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். கட்டியது போக மிச்சமுள்ள வாலை, கவையின் மறுபுறம் இறங்கும் கயிற்றில் சுற்றி ஓர் இறுக்கு முடிச்சு போடுவார்கள். எடை விழுந்தால் முடிச்சு பிடித்துக்கொள்ளும். கையால் தளர்த்தினால் நழுவும். இதைக் கொண்டு ஏறலாம், இறங்கலாம், எந்த உயரத்திலும் நின்று இரண்டு கைகளாலும் வேலை செய்யலாம். ஆளின் எடையைக் கயிற்றின் இரண்டு பக்கங்களும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்வதால் கவையில் விழும் பாரம் ஏறக்குறைய ஆளின் எடை மட்டுமே. இந்த ஒரு கணக்கு பின்னால் முக்கியமாகப்போகிறது.

இம்முறையில் கயிறு கவையின் மேல் உராய்ந்தபடியே ஓடும். ஆகவே கவை ஆளைத் தாங்குமா என்பதோடு கயிறு சிக்காமல் ஓடுமா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. குறுகிய கவையில் கயிறு மாட்டிக்கொள்ளும். சொரசொரப்பான பட்டையுள்ள ஓக் மரத்தில் உராய்வு மிகுந்து ஏறுபவரின் கை ஓய்ந்துபோகும். வழுவழுப்பான மெல்லிய பட்டையுள்ள பீச் மரத்திலோ கயிறு ஓடி ஓடிப் பட்டையே காயப்படும். காய்ந்த கிளையில் கயிறு போடக் கூடாது. பச்சைக் கிளையிலும் நுனிப்பக்கம் ஆகாது, தண்டை ஒட்டித்தான் போட வேண்டும். கயிறு கிளையின் மேல் மட்டும் கிடக்காமல் தண்டையும் சேர்த்து வளைத்து வர வேண்டும் என்ற விதிகள் இந்தப் பட்டறிவில் உருவானவை. கடைசி விதி உயிர் காக்கும் விதி. கிளை முறிந்தாலும் கயிறு தண்டைச் சுற்றியே கிடப்பதால், சற்றுக் கீழே உள்ள அடுத்த கவையில் போய் நிற்க வாய்ப்புண்டு. நூற்றாண்டு கடந்தும் இந்த மூன்றும் மாறவில்லை.

ஒரு முரண்பாடும் தொடக்கத்திலிருந்தே தொடர்கிறது. பிடிமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ வேலைக்கு அவ்வளவு வசதி. பக்கக் கிளையின் நுனிவரை நடந்து போனாலும் கயிறு மேலிருந்து தாங்கி நிறுத்தும். கால் வழுக்கினாலும் நீண்ட கயிற்றில் ஊசலாடித் தண்டில் மோதும் வேகம் குறையும். ஆனால் மேலே போகப் போகத் தண்டு மெலிகிறது. பிடிமானம் தேர்வது என்பது இந்த இரண்டுக்கும் இடையே ஓர் உயரத்தை முடிவுசெய்வதுதான். மணிலாக் கயிற்றுக் காலத்தில் இந்த முடிவு படிப்படியாக எடுக்கப்பட்டது. ஏறுபவர் கயிற்றின் முனையைச் சுருளாகச் சுற்றி, எட்டும் கவைக்கு மேல் வீசுவார். அதில் ஏறி அங்கிருந்து அடுத்த கவைக்கு வீசுவார். அதனால் ஒவ்வொரு கவையையும் பக்கத்தில் போய்ப் பார்த்து, தட்டி, பட்டையைத் தடவி, பிறகே அடுத்ததை நம்பினார். வேலை மெதுவாகத்தான் நடந்தது. என்றாலும் கைக்கெட்டிய தூரத்தில் மரத்தைப் படிக்க அதில் வாய்ப்பிருந்தது.

எறிகயிறு வந்ததும் அந்த வாய்ப்பு சுருங்கியது. விரலைவிடச் சன்னமான, வழுக்கும் கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு நிரப்பிய 300, 400 கிராம் எடையுள்ள சிறு பையைக் கட்டி, தரையிலிருந்தே வேண்டிய கவைக்கு மேல் எறிவார்கள். பை மறுபுறம் இறங்கியதும் அதோடு ஏறுகயிற்றை இணைத்து இழுத்துக்கொள்வார்கள். பின்னர் நீண்ட கழியின் தலையில் கவண் பொருத்திய கருவியும் வந்தது. கையால் எறிய முடியாத உயரத்துக்கு அது பையை அனுப்பியது. நேரம் மிச்சமாயிற்று, உடல் உழைப்பும் குறைந்தது. ஆனால் 20 மீட்டருக்கு மேலே உள்ள ஒரு கவையை, இலைகளுக்கு நடுவே, கீழிருந்து மட்டுமே பார்த்து நம்பவேண்டிய நிலை வந்தது. கவையின் மேல்பக்கத்தில் ஓட்டை இருந்தால் தரையிலிருந்து தெரியாது. மரமேறியின் பைக்குள் பைனாகுலர் இடம்பிடித்ததற்கு இதுதான் காரணம்.

கயிறும் இதற்குள் மாறியிருந்தது. 1942இல் ஜப்பான் பிலிப்பைன்ஸைக் கைப்பற்றியபோது அபாகா நார் அமெரிக்காவுக்கு வருவது நின்றுபோனது. போர்க்காலத்தில் நைலான் கயிறு முன்னுக்கு வந்தது. நைலான் உறுதியானது, ஆனால் எடை விழுந்தால் மிகவும் நீளும் என்பதால் ஏறுவதற்கு அவ்வளவு உகந்ததல்ல. பாலியெஸ்டர் புரி பின்னிய கயிறுகளே கடைசியில் நிலைத்தன. புதிய அரை அங்குல மணிலாக் கயிறு ஏறக்குறைய 1,200 கிலோவில் அறும். இன்று அமெரிக்காவில் ஏறுகயிற்றுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச வலிமை அதைப் போல இருமடங்கு, சுமார் 2,450 கிலோ. முடிச்சுகளிலும் தேர்ச்சி வந்தது. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சு மரமேறிகளிடமும் பரவியது. ஹைன்ஸ் புரோஹாஸ்கா என்ற இன்னோர் ஆஸ்திரியர் 1981இலேயே எழுதிய ஒரு முடிச்சை, ஜேசன் பிளேக் என்ற அமெரிக்க மரமேறி தானாகவே கண்டுபிடித்து 1994இல் ஒரு தொழில் இதழில் வெளியிட்டார். அவர் பெயரிலேயே அது நிலைத்தது. கயிறு இப்படி இருமடங்கு வலுவடைந்த காலத்தில் கவையின் மரம் மட்டும் அதே மரமாகத்தான் இருந்தது.

அந்த மரத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிய அலெக்ஸ் ஷைகோ வர வேண்டியிருந்தது. 1930இல் பென்சில்வேனியாவில் பிறந்த அவர் தாவர நோயியல் படித்து, 1959இல் அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளராகச் சேர்ந்தார். ஒரே ஆள் தூக்கிக் கையாளக்கூடிய மோட்டார் ரம்பம் அப்போது கிடைக்கத் தொடங்கியிருந்தது. அதுவரை மரத்தைக் குறுக்கே வெட்டி வட்ட வளையங்களைப் பார்த்துத்தான் ஆராய்ந்தார்கள். ஷைகோ ரம்பத்தால் மரத்தை நெடுக்காகப் பிளந்தார். ஆயிரக்கணக்கான மரங்களை, தண்டும் கிளையும் சேருமிடத்தில் அடிமுதல் நுனிவரை பிளந்து பிளந்து பார்த்தார். மரமேறும் தொழில் கண்ட மிகப் பெரிய திருப்பம் எந்தக் கருவியும் அல்ல, இந்தப் பிளவுகள்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

அவர் கண்டது இது. விலங்கின் புண் ஆறுவதுபோல் மரத்தின் புண் ஆறுவதில்லை. அடிபட்ட திசு மீண்டும் நலமடையாது. மரம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பித் தனிமைப்படுத்திவிடுகிறது. ஷைகோ இதை நான்கு சுவர்களாக விளக்கினார். 1977இல் வனத்துறை வெளியீடாக அது வந்தது. மேலும் கீழும் பரவுவதைத் தடுக்கும் முதல் சுவர் மிகவும் பலவீனமானது. அடிபட்ட பிறகு வளரும் புது மரத்தைப் பழைய மரத்திலிருந்து பிரிக்கும் நான்காம் சுவர் மிகவும் பலமானது. ஆகவே ஒரு புண்ணின் வாய் மூடி, பட்டை வளர்ந்து, வெளியே நலமாகத் தெரிந்தாலும் உள்ளே உளுத்த பகுதி நெடுக்காகத் தண்டுக்குள் நீண்டிருக்கலாம். கவைக்கு ஒரு மீட்டர் கீழே உள்ள பழைய வெட்டுத்தழும்பு கவையைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்பது இதனால் விளங்கியது. தழும்பு மூடிவிட்டதே என்று கயிறு போட்ட தலைமுறைகள் எவ்வளவு நம்பிக்கையில் தொங்கியிருக்கின்றன என்பதை எண்ணினால் மனம் பதைக்கும்.

டேவியின் காலத்து வைத்திய முறைகள் சிலவற்றையே ஷைகோ தலைகீழாக்கினார். பொந்தைச் சுரண்டிச் சிமென்ட் நிரப்புவதும், நீர் வடியத் துளை போடுவதும் மரம் எழுப்பிய சுவரை உடைத்து அழுகலைப் புது மரத்துக்குள் விடுவதாக அவர் காட்டினார். கிளையைத் தண்டோடு ஒட்ட, வழவழவென்று வெட்டுவதுதான் நேர்த்தி என்று பல பத்தாண்டுகள் கற்பித்து வந்தார்கள். அப்படி வெட்டும்போது கிளையின் அடியில் மோதிரம்போல் தடித்திருக்கும் கழுத்துப் பகுதியும் போய்விடுகிறது. காப்புச் சுவர் எழும் இடமே அதுதான். ஒரு தலைமுறை ஒட்ட வெட்டிய இடங்களுக்கு மேலும் கீழும் தண்டு உளுத்துப்போக, அடுத்த தலைமுறை மரமேறி அதே தண்டில் கயிறு போட வேண்டியதாயிற்று. நகரங்களின் பழைய சாலையோர மரங்களில் பிடிமானம் தேர்வது கடினமாக இருப்பதற்கு இந்தப் பழைய வெட்டுகளும் ஒரு காரணம்.

கிளை தண்டோடு எப்படிச் சேர்கிறது என்பதையும் 1985இல் ஷைகோ விளக்கினார். ஒவ்வொரு வளர்பருவத்திலும் முதலில் கிளையின் திசு கீழே இறங்கித் தண்டின் மேல் படிகிறது. பிறகு தண்டின் திசு அதன்மேல் சுற்றி வளர்கிறது. ஆண்டுக்கு ஆண்டு ஒன்றன்மேல் ஒன்றாக இது கூடை முடைவதுபோல் பின்னிக்கொள்கிறது. தண்டைவிடக் கிளை மெலிதாக இருந்தால் இந்தப் பின்னல் நன்றாக அமையும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமனில், இரட்டைத் தண்டாக எழுந்தால் அமையாது. அவற்றின் இடுக்கில் பட்டை உள்ளே மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். இரண்டு தண்டுகளும் தொட்டுக்கொண்டிருக்கும், ஒட்டியிருக்காது. மரமேறியின் கண்ணுக்கு இந்த வேறுபாடு வெளியிலேயே தெரியும். நல்ல கவையில் பட்டை மேல்நோக்கிப் புடைத்து ஒரு வரம்பாக நிற்கும். பட்டை உள்மாட்டிய கவையில் அந்த வரம்பு இருக்காது. கோடு உள்வாங்கி, மடிந்து, சில வேளை இரண்டு பக்கமும் காதுபோல் புடைத்திருக்கும். குறுகலான ‘வி’ வடிவக் கவை கயிறு நழுவாமல் நிற்க வாகாகத் தெரியும்; அதுதான் பிளக்க வாய்ப்புள்ளது.

ஷைகோவுக்குப் பிறகு வந்தவர்கள் இதை அளந்தும் பார்த்தார்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத்து இயற்பியலாளர் கிளாஸ் மாட்டெக், மரத்தின் வெளி வடிவத்தைக் கொண்டே உள்ளிருக்கும் குறையை ஊகிக்கும் முறையை 1990களில் வகுத்தார். உள்ளே கூடான தண்டில் எஞ்சியுள்ள நல்ல மரத்தின் தடிப்பு, தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையும்போது முறியும் அபாயம் கூடுகிறது என்ற அவர் கணக்கு பெரிதும் விவாதிக்கப்பட்டது. புளோரிடாவில் எட்வர்ட் கில்மன் செம்மேப்பிள் மரக் கிளைகளை இழுத்து முறித்துப் பார்த்து, தண்டுக்கு ஒப்பான பருமனுள்ள கிளைகளின் பிணைப்பு பலவீனமானது என்று 2003இல் காட்டினார். இங்கிலாந்தில் டங்கன் ஸ்லேட்டர் ஹேசல் மரக் கவைகளை ஆராய்ந்து, கவையின் உச்சியில் மர இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பதே அதன் வலிமைக்குக் காரணம் என்று 2014இல் எழுதினார். பிணைப்பு எப்படி அமைகிறது என்பதில் ஷைகோவின் விளக்கத்தை அவர் முழுதும் ஏற்கவில்லை. அந்த விவாதம் முடிந்துவிடவில்லை.

மரத்தின் மீது அக்கறை கூடியதும் கயிறு நேரடியாகப் பட்டையில் உராய்வதே குற்றமாகத் தோன்றியது. அலுமினிய வளையங்கள் இரண்டைக் கொண்ட ஒரு வாரைக் கவையில் போட்டு, அந்த வளையங்களின் வழியே கயிற்றை ஓடவிட்டார்கள். ஒரு வளையம் பெரியது, ஒன்று சிறியது. வேலை முடிந்து தரைக்கு வந்த பிறகு கயிற்றின் ஒரு முனையில் ஓர் உருண்டையைக் கட்டி இழுத்தால், அது பெரிய வளையத்தில் நுழைந்து போய்ச் சிறிய வளையத்தில் மாட்டி, வாரையே கீழே கொண்டுவந்துவிடும். பட்டை தப்பியது, கயிற்றின் தேய்மானமும் உராய்வும் குறைந்தன. இதனால் பிடிமானத் தேர்விலும் விடுதலை கிடைத்தது. கவை இல்லாத நேர்த்தண்டிலும் இறுக்குவாரைக் கட்டிப் பிடிமானம் அமைக்க முடிந்தது. வடிவு சரியில்லாத கவையைக் கயிறு ஓடுவதற்காக ஏற்றுக்கொள்ளவேண்டிய கட்டாயம் போனது.

அடுத்த மாற்றம் மரத்தொழிலுக்கு வெளியிலிருந்து வந்தது. 1970களில் மழைக்காட்டின் மேல்விதானத்தை ஆராய விரும்பிய உயிரியலாளர்கள் குகை ஆராய்வோரின் ஒற்றைக் கயிற்று முறையைக் கைக்கொண்டார்கள். டொனால்ட் பெரி கோஸ்டாரிகாவில் கையாண்ட முறையை 1978இல் வெளியிட்டார். மார்கரெட் லோமன் 1979இல் ஆஸ்திரேலியாவில் கையால் தைத்த வாரோடும் கவணோடும் ஏறத் தொடங்கினார். கயிற்றைக் கிளைக்கு மேலாகப் போட்டு, மறு முனையை அடிமரத்தில் கட்டிவிட்டு, தொங்கும் ஒற்றைக் கயிற்றில் பற்கள் கொண்ட கவ்விகளை மாட்டி ஏறுவது அந்த முறை. மிக உயரமான மரங்களுக்கு அது பொருந்தியது. கயிற்றின் இரண்டு பக்கங்களிலும் தொங்கும் பழைய இருமுனைக் கயிற்று முறையில் 30 மீட்டர் உயர 60 மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். ஒற்றைக் கயிற்றில் 30 மீட்டர் ஏறினால் போதும். 2010 வாக்கில் அமெரிக்காவின் கெவின் பிங்காம் ஒற்றைக் கயிற்றிலேயே ஏறவும் இறங்கவும் முடிச்சோடு சேர்ந்து இயங்கும் ஒரு சிறு கருவியை உருவாக்கியதும் மரமேறிகளிடையே இந்த முறை வேகமாகப் பரவியது.

இங்கேதான் பழைய கணக்கு மாறியது. 80 கிலோ எடையுள்ளவர் இருமுனைக் கயிற்றில் தொங்கினால் ஒவ்வொரு பக்கத்திலும் 40 கிலோ, கவையில் 80. அடிமரத்தில் கட்டிய ஒற்றைக் கயிற்றில் அவர் தொங்கினால், அவர் பக்கத்தில் 80 கிலோ இழுக்கும். அதைச் சமன்செய்ய மறுபக்கக் கயிறும் கிட்டத்தட்ட அதே அளவு இழுக்கும். கவையில் விழுவது 160 கிலோவை நெருங்கும். கிளையின் மேல் உராய்வு இருப்பதால் சற்றுக் குறையலாம். ஏறும்போது உடல் துள்ளுவதால் நொடிக்கு நொடி கூடவும் செய்யும். ஆண்டுக்கணக்கில் ஆள் எடையை மட்டுமே தாங்கிப் பழகிய கவையில், அதே ஆள், அதே கயிறு, முறை மட்டும் வேறு என்ற ஒரே காரணத்தால் இருமடங்கு பாரம் விழுந்தது. புது முறைக்கு மாறியவர்கள் முதலில் கற்க வேண்டியிருந்தது இதைத்தான்.

அந்த முறைக்கே உரிய நன்மைகளும் இருந்தன. கயிறு ஒரே கிளையில் நில்லாமல் வரிசையாகப் பல கவைகளின் மேல் போவதாக அமைத்தால் பாரம் பகிரப்படும். கயிற்றின் இரண்டு பக்கங்களும் தண்டையொட்டிக் கீழே இறங்கினால் பாரம் தண்டை நெடுக்காக அழுத்தும். மரம் நெடுக்கழுத்தத்தை நன்றாகத் தாங்கும். அடிமரத்தில் போட்ட கட்டைத் தளர்த்தி இறக்கும் வகையில் அமைத்திருந்தால், மயங்கிய ஆளைக் கீழேயிருப்பவரே இறக்கிவிடலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: தண்டையொட்டி இறங்கும் அந்தக் கயிற்றை ஏறுபவரின் ரம்பமே அறுத்துவிடக்கூடும். அதனால் பலர் ஏறுவதற்கு அடிமரத்தில் கட்டும் முறையையும், ரம்பம் பிடிக்கும் நேரத்துக்கு உச்சியில் தண்டைச் சுற்றிய சுருக்கையும் தேர்கிறார்கள். சுருக்கில் பாரம் மீண்டும் ஆள் எடையளவுக்கு இறங்கிவிடுகிறது.

பட்டறிவாகக் கைமாறி வந்தவை எழுத்தில் ஏறியதற்குப் பின்னால் ஒரு தாயின் துயரம் இருக்கிறது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மகன் மரக்கிளை கழிக்கும் வேலையில் இறந்தான். இந்தத் தொழிலுக்குப் பொதுவான பாதுகாப்பு விதி எதுவும் இல்லை என்பதை அறிந்த அவர், விதி வேண்டும் என்று கடிதம் கடிதமாக எழுதினார். அந்த முயற்சியின் விளைவாகவே 1972இல் அமெரிக்க மரத்தொழிலின் முதல் பாதுகாப்புத் தரநிலை வெளிவந்தது. ‘இசட்133’ என்று அழைக்கப்படும் அது திருத்தத்துக்கு மேல் திருத்தம் பெற்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1976இல் செயின்ட் லூயிஸ் நகரில் முதல் மரமேறிகள் போட்டி நடந்தது. மரத்தின் மேல் சிக்கியவரை மீட்கும் பயிற்சிக்கு அதில் முக்கிய இடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டுக் கட்டளை, கயிற்றில் தொங்கி வேலை செய்பவருக்குத் தனித்தனியே பிடிமானம் கொண்ட இரண்டு கயிறுகள் வேண்டும் என்றது. பிரிட்டன் 2005இல் அதைத் தன் சட்டமாக்கியது. மரத்தில் அது எப்படி முடியும், இரண்டு கயிறும் சிக்கிக்கொள்ளுமே என்ற வாதம் நெடுநாள் நடந்தது. 2020இல் வெளிவந்த பிரிட்டன் மரத்தொழில் நடைமுறைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு, இரண்டு கயிறு, இரண்டு பிடிமானம் என்பதையே பொது முறையாக வைத்தது. ஒரு கவையை எவ்வளவு படித்தாலும் தவறலாம் என்பதை அது வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது, சரியான முடிவு.

கவையே இல்லாத மரங்களின் கதை தனி. பனை, தென்னை வகைகளில் கிளை பிரிவதில்லை; கயிறு போட உச்சிக் கொண்டையைத் தவிர இடமில்லை. தமிழ்நாட்டுப் பனையேறிகள் மேலே எதையும் நம்பாமல், காலில் தளைநாரும் தண்டைத் தழுவிய கையுமாக ஏறினார்கள். அங்கே பிடிமானம் ஏறுபவரின் உடலே. இலங்கையின் தென்மேற்குக் கரையில், களுத்துறை, வாதுவைப் பக்கத்தில் கள்ளிறக்குபவர்கள் வேறு வழி கண்டார்கள். தென்னைகளின் கொண்டைக்குக் கீழே தென்னைநார்க் கயிறுகளை மரத்துக்கு மரம் மேலும் கீழுமாக இரண்டாகக் கட்டி, கீழ்க்கயிற்றில் கால் வைத்து மேல்கயிற்றைப் பிடித்து நடந்தே அடுத்த மரத்துக்குப் போனார்கள். ஒரு மரம் ஏறினால் பல மரங்களின் பாளையைச் சீவலாம். மழையிலும் கடற்காற்றிலும் நார் நைந்துபோவதால் கயிறுகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கலிபோர்னியாவின் விசிறிப் பனைகளில் ஏறுபவர்களுக்கு ஆபத்து வேறு வடிவில் வந்தது. பல ஆண்டுகள் கழிக்காமல் விட்ட காவோலைகள் தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கும். அதன் அடியில் இடுப்புக்கயிற்றைத் தண்டில் சுற்றி நின்றுகொண்டு வெட்டும்போது மொத்தக் கட்டும் சரிந்து ஆள்மேல் இறங்கிவிடும். மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. பிடிமானம் உறுதியாக இருந்ததாலேயே அவர்களால் விலக முடியவில்லை. அடியிலிருந்து வெட்டாமல், பாவாடைக்கு மேலே போய் உச்சியிலிருந்து கழித்துவர வேண்டும் என்பது இன்றைய விதி. ஆண்டுதோறும் காவோலை கழிக்கும் பழக்கமுள்ள பனங்காட்டில் இந்த விபத்துக்கே இடமிருக்காது.

இந்த நூற்றாண்டு அறிவு முழுவதும் இன்று ஒரு மரமேறி கயிறு போடுவதற்கு முந்தைய சில நிமிடங்களில் கூடி நிற்கிறது. அவர் முதலில் பார்ப்பது உச்சியை அல்ல, அடியை. வேர்க்கழுத்தைச் சுற்றி வந்து, காளான் முளைத்திருக்கிறதா, மண் வெடித்திருக்கிறதா என்று பார்க்கிறார். பீச் மரத்தின் அடியில் கரித்துண்டுபோல் கறுத்துக் கெட்டியாக ஒட்டியிருக்கும் ஒரு பூஞ்சை, மேலே இலை பச்சையாக இருக்கும்போதே அடிமரத்தைப் பொரபொரவென்று ஆக்கிவிடும். அதைக் கண்டால் கயிறு பைக்குள்ளேயே இருக்கும். பிறகு நாலாபுறமிருந்தும் தண்டைப் பார்த்துத் தழும்பு, வெடிப்பு, பொந்து ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறார். மர இனத்தைக் கணக்கில் எடுக்கிறார். ஓக்கில் நம்பும் பருமனை வில்லோவிலும் பாப்லரிலும் நம்புவதில்லை. கயிறு போட்டதும், ஆள் ஏறுவதற்கு முன் தரையில் நின்றபடியே இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கி இழுத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் ஏறும்போது விழப்போவதைவிடக் கூடுதல் பாரத்தை ஆள் தரையில் இருக்கும்போதே கவைக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் இதன் நோக்கம். மேலே போய்ச் சேர்ந்ததும் அந்தக் கவையைக் கண்ணால் பார்த்த பிறகே வேலை தொடங்கும்.

கடந்த இருபது ஆண்டுகளில் இந்தச் சோதனைகளாலும் போதாத ஒரு மரம் வந்திருக்கிறது. ஆசியாவிலிருந்து வந்த மரகதத் துளைப்பான் வண்டு 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. ஐரோப்பாவில் ஒரு பூஞ்சை அதே ஆஷ் மரங்களைத் தாக்க, 2012இல் பிரிட்டனிலும் அந்த நோய் உறுதியாயிற்று. இந்த மரங்கள் சாகும்போது மரம் விரைவாக உலர்ந்து நொறுங்கும் தன்மை பெறுகிறது. முறிவதற்கு முன் வளைந்தோ முனகியோ எச்சரிப்பதில்லை. கவையின் வடிவம் சரியாக இருக்கும், பட்டை வரம்பு சரியாக இருக்கும், மரம் மட்டும் நம்பத்தக்கதாக இருக்காது. ஆகவே நோய் முற்றிய ஆஷ் மரத்தில் கயிறு போடுவதைத் தவிர்க்குமாறு தொழில் அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. பக்கத்தில் நலமான வேறு மரம் இருந்தால் அதில் பிடிமானம் அமைக்கிறார்கள்; இல்லையென்றால் தூக்குமேடை வண்டியில் நின்று வெட்டுகிறார்கள், அல்லது தரையிலிருந்தே இயந்திரத்தால் சாய்க்கிறார்கள்.